கதவுக்குக் கீழே ஒரு மரத்துண்டு

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கதவைப் பார்ப்பார். உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா, பூட்டு எந்தப் பக்கம், சங்கிலி இருக்கிறதா. ஆட்களைப் பார்ப்பதும் வணக்கம் சொல்வதும் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோதும் அப்படித்தான். என் மனைவி தேநீருடன் நிற்க, அவர் எங்கள் கதவுச் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதின்ட ஒரு ஆணி கழண்டிரிக்கு. சின்னப் பிள்ளை தள்ளினாலும் வந்துரும்" என்றார்.

அந்த வீட்டில் நாங்கள் பதினொரு வருடம் இருந்திருந்தோம். அந்த ஆணியை நான் கண்டதில்லை.

மொன்றியலில், லாசால் பகுதியில் ஆறு மாடிக் கட்டடம். நாங்கள் நான்காம் மாடி, அவர் இரண்டாம் மாடி. மட்டக்களப்புப் பெண், தனி ஆள். ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அவித்து, அடுக்கும் வேலை. அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும், எனக்கு அறுபத்தைந்து. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். இங்கே வந்து பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். அரசாங்கக் கடிதம் வந்தாலும், விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும், யாருக்காவது சாட்சிக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். ஆங்கிலத்தில் எழுதுவேன், பிரெஞ்சிலும் ஒருவாறு எழுதுவேன். ஒருவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒருவரை அனுப்பினேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில், இரண்டு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்கு அவர் தனியாகப் போவார். போர்த்துக்கல், அயர்லாந்து, ஒஸ்ரியா. எங்கள் ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போவது கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு, சொந்தக்காரரைப் பார்க்க. அவர் ஒருவரையும் பார்க்கப் போவதில்லை. அதுவே கட்டடத்தில் பேச்சாக இருந்தது.

நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் இருந்தன. சனிக்கிழமை காலையில் நாங்கள் அங்கே சந்திப்போம். அவர் எப்போதும் கதவைப் பார்த்தபடி, முதுகை உலர்த்தும் மெஷினுக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என் மனைவி கேட்டார்: "தனியப் போய் அங்கை என்னத்தைத்தான் பாக்கிறனீர்?"

"ஆத்தைப் பாப்பன் கா. பாலத்தைப் பாப்பன். ஒரு கடையில இரிந்து கோப்பி குடிப்பன். எங்க போறாய், ஆரோட போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான் காசு குடுத்துப் போறன்."

"பயமில்லையோ?"

"பயமிரிக்கு. அதாலதான் சாமானும் இரிக்கு."

அந்தச் சாமான்களை ஒருநாள் எங்களுக்குக் காட்டினார். ஒன்று, கைப்பிடி அளவான மரத்துண்டு. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு. அடியில் வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப் ஒட்டியிருந்தார். எந்த ஊரில் படுத்தாலும் உள்ளேயிருந்து கதவின் கீழ் அதைச் செருகிவிட்டுத்தான் படுப்பார். "பூட்டுக்குத் திறப்பு வேற ஆக்களிட்டயும் இரிக்கும். இதுக்கு இல்ல" என்பார். மற்றது, ஆண்கள் போடும் பெரிய கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. ஹோட்டலில் தன் அறைக் கதவுக்கு வெளியே அதை வைத்துவிடுவார்.

"இவர்தான் என்ட புருசன்" என்று சப்பாத்தைத் தட்டிக் காட்டினார். "குறட்டை விடமாட்டார். குடிக்கமாட்டார். சொன்ன இடத்தில நிப்பார்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "என்ரை மனிசனை உங்களிட்டை நாலு நாள் விடுறன். கொஞ்சம் பழக்கி விடுங்கோ" என்றார். நானும் சிரித்தேன்.

அவருக்கு வேறு விதிகளும் இருந்தன. பொழுதுபடுவதற்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர வேண்டும். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க வேண்டும். கீழ் மாடி அறை வேண்டாம். வரவேற்பில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் உடனே வேறு அறை கேட்க வேண்டும். மனம் ஒருமுறை வேண்டாம் என்றால் காரணம் தேடாமல் எழும்பி வந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் அவர் மிகவும் பெரிதாகச் சொல்வார். "காரணம் மறுகா கிடைக்கும். முதல்ல வெளிய வந்துரணும்."

அவரைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதனிடம் எல்லா வீட்டுத் திறப்பும் இருந்தது. குழாய் பார்க்க வருவான். ஒரு தட்டு, அடுத்த நொடி திறப்பைப் போட்டு உள்ளே வந்துவிடுவான். குளித்துவிட்டு வந்த பெண்கள் ஓடி ஒளிவார்கள். நாங்கள் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. வீடு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். ஒருநாள் அவருடைய வீட்டுக்குள் அப்படி வந்தான். அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எழும்பாமல், வலது கையால் கதவைக் காட்டி, தன் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார்: "மெஸ்யூ, வெளியே போங்கள். கதவைச் சாத்துங்கள். தட்டுங்கள். நான் வந்து திறப்பேன்." அவன் சிரித்திருக்கிறான். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு அப்படியே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தித் தட்டினான். அவர் கை கழுவி, துடைத்து, ஆறுதலாகப் போய்த் திறந்தார்.

அந்த வாரத்திலிருந்து அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அவன் தட்டிவிட்டு நின்றான்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு இரவு தன் விதிகளை விட்டார். விடச் செய்தவன் நான்.

ஒரு வருடம் அவர் ஜேர்மனிக்குப் போகப் போகிறேன் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். அந்த ஊரில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, கனடாவுக்கு வர வழி கிடைக்காமல் ஜேர்மனியில் நின்றபோது நாலு மாதம் தன் சிறிய வீட்டில் வைத்துச் சோறு போட்டவன்.

"ஹோட்டலோ?" என்றேன். "அங்கை எங்கட ஆக்களின்ரை வீடு இருக்கேக்கை ஒரு பொம்பிளை தனிய ஹோட்டலிலை தங்கிறதோ? அவன் கேள்விப்பட்டால் என்னைக் கிழிச்சுப் போடுவான்."

"எனக்குப் பழக்கம் மாஸ்டர். கரைச்சல் வேணாம்."

"கரைச்சல் இல்லை. மனிசி பிள்ளையள் உள்ள குடும்பம். தெரியாத ஹோட்டலை விட அது பாதுகாப்பு."

மூன்று தடவை மறுத்தார். நான்காம் தடவை நான் அவர் முன்னிலையிலேயே நண்பனை அழைத்தேன். நண்பனின் மனைவி தொலைபேசியில் வந்து, "வாங்கோ தங்கச்சி, எனக்கும் கதைக்க ஒரு ஆள்" என்றார். அதோடு நான் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் நண்பனின் மனைவிக்கு ஒரு சேலையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களில் யாராவது பயணம் போனால் சும்மா விடமாட்டோம். பொதி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுப் படியை மிதிக்காமல் வர முடியாது. அதற்காகத்தான் கொடுத்தேன் என்று அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரிகிறது.

அவர் போய்ச் சேர்ந்த அன்று இங்கே மதியம் ஒரு மணி, அங்கே இரவு ஏழு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். தொலைபேசி அடித்தது. குரல் மிகத் தாழ்ந்திருந்தது. குளியலறைக்குள் நின்று பேசுவதாகச் சொன்னார்.

"மாஸ்டர், இந்த வீட்டு அக்கா இல்ல."

"எங்கையாம்?"

"மகளிட்டப் போயிட்டாவாம். நாளைக்குத்தான் வருவாவாம். எனக்கு முதல்ல சொல்லல்ல. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில ஒரு ஹோட்டல் பார்த்து வச்சிரிக்கன். நான் அங்க போகட்டா?"

"அவன் எங்கை?"

"கீழ குசினியில. கோழி காய்ச்சுறார்."

"உமக்கெண்டு கோழி காய்ச்சிற மனிசனை விட்டிட்டு வெளிக்கிட்டால் அவன் என்ன நினைப்பான்? போக வேண்டாம். ஒரு இரவுதானே. எனக்குச் சோறு போட்டவன், தங்கச்சி. என்ரை தம்பி மாதிரி."

தண்ணீர்க் குழாய் ஓடுவது மட்டும் கேட்டது.

"அப்ப கதவுக்கு ஆப்பை வச்சிட்டுப் படுக்கட்டா?"

"உந்த வேலையை மட்டும் செய்யாதையும். காலமை அவன் கண்டால், தன்னைக் கள்ளனெண்டு நினைச்சிட்டீர் எண்டெல்லோ நினைப்பான். வீட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் இல்லை."

"நீங்க சொன்னாச் சரி, மாஸ்டர்."

நான் மறுபடி மேசைக்கு வந்தேன். சோறு இன்னும் ஆறியிருக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் போனவர் ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அது எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் நிலக்கீழ் அறைக்குப் போனேன். அவர் பயணப் பெட்டியை விரித்து வைத்து, அதிலிருந்த எல்லாவற்றையும் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தார். விலைச்சீட்டுக் கழற்றாத புது உடுப்பையும் போட்டார். பெட்டியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்தார். அன்று அவர் கதவுக்கு முதுகு காட்டி நின்றார். அப்படி நான் அதுவரை கண்டதில்லை.

என்னிடம் சொன்னார். மெஷின் சுற்றி முடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது. கதவுக்கு உள்பூட்டு இல்லை, ஆப்பு பெட்டிக்குள் இருந்தது, விடிந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு மழையில் ரயில் நிலையம்வரை நடந்தார், அங்கே பொலிசில் சொன்னார். இவ்வளவையும் மட்டும் எழுதுகிறேன்.

அவர் சொல்லி முடித்ததும் நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி இது: "நீர் கதவுக்கு ஒண்டும் வைக்கேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. என் முகத்தில் எதையோ தேடினார். நான் சொன்னதை நானே மறந்துவிட்டேனா, அல்லது மறந்ததாக நடிக்கிறேனா என்று பார்த்திருப்பார். நான் மறக்கவில்லை. அந்தக் கேள்வி தானாக வந்தது. குற்றம் என்னிடம் வந்து நிற்பதற்குள் அதை அவர் பக்கம் தள்ளிவிட என் நாக்கு முந்திக்கொண்டது.

"நீங்க வேணாமெண்டு சொன்னீங்க, மாஸ்டர்" என்றார். ஈர உடுப்புகளை அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தார். கதவைப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். அங்கேயிருந்து பொலிஸ் எழுதியிருக்கிறார்களாம். நண்பன் மறுக்கிறான். வந்தவர் சந்தோஷமாகத் தங்கினார், சாப்பிட்டார், காலையில் போனார் என்கிறான். அன்று மாலை அவர் அந்த வீட்டை விட்டுப் போக விரும்பினார் என்பதற்கு வேறு யாராவது சாட்சி இருக்கிறார்களா என்று கேட்கிறார்களாம்.

"நீங்க இரிக்கீங்கதானே. நான் ரெலிபோன் எடுத்துக் கேட்டதை மட்டும் எழுதித் தாங்க. வேற ஒண்டும் வேணாம்."

மேசையில் என் கண்ணாடியும் பேனாவும் கிடந்தன. அன்று காலைதான் கீழ்வீட்டுப் பையனுக்குக் கல்லூரிக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அவன்ரை மனிசியை யோசியும்" என்றேன். "பிள்ளையள் கலியாண வயசிலை. கடிதம் எண்டு போனால் ஊர் முழுக்கக் கதை. உம்மடை பேரும் அடிபடும்."

"என்ட பேரை நான் பாத்துக்கிறன், மாஸ்டர்."

"கொஞ்ச நாள் போகட்டும். பேந்து பாப்பம்."

அவர் எழும்பினார். போகும்போது எங்கள் கதவுச் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பழக்க தோஷம். அவர் சொன்ன பிறகு நான் அந்த ஆணியை இறுக்கியிருந்தேன்.

அவர் சொன்னதை நம்பாதபடியால்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். அவர் சொன்ன அந்த நிமிடமே நம்பினேன். நம்பிக்கொண்டுதான் எழுதாமல் விட்டேன். நண்பனை ஒருமுறை அழைத்தேன். "மச்சான், தனியத் திரியிற பொம்பிளை. உனக்குத் தெரியாதே?" என்றான். "சரி விடு" என்றேன். இரண்டு சொல். நாலு மாதச் சோற்றுக்கு அவ்வளவையும் கொடுத்துவிட்டேன், அதுவும் என் கையிலிருந்து அல்ல, அவருடைய கையிலிருந்து.

வழக்கு எடுபடவில்லை. அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்துக் காட்ட அவர் என்னிடம் கொண்டுவரவில்லை.

மறு வருடக் கோடையில் ஒரு கலியாணத்துக்காக நண்பன் மனைவியோடு மொன்றியலுக்கு வந்தான். என் வீட்டில்தான் ஐந்து நாள் தங்கினான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என் மனைவியிடம் ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் நானும் அவனும் கடைக்குப் போய் இரண்டு பை மரக்கறியோடு வந்து, கீழே லிஃப்டுக்காக நின்றோம். கதவு திறந்தது. உள்ளே அவர், உடுப்புக் கூடையோடு.

"வணக்கம் தங்கச்சி" என்றான் அவன். "சுகமோ?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தார். கத்தரிக்காய் வெளியே தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். லிஃப்டை விட்டு இறங்காமல் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது.

அந்த மாதக் கடைசியில் அவர் வீடு மாறினார். "ஏனாம் போறா?" என்று மனைவி கேட்டார். "வேலைக்குக் கிட்டவாம்" என்றேன். அவர் போன பிறகு, நிலக்கீழ் அறையில் எல்லோரும் வேண்டாத சாமான் வைக்கும் தட்டில் அந்தக் கறுப்புச் சப்பாத்துகள் இருந்தன. மனைவி அவற்றை மேலே கொண்டு வந்தார். "அவ தன்ரை மனிசனை விட்டிட்டுப் போட்டா. உங்களுக்கு அளவாயிருக்கும், போட்டுப் பாருங்கோ." போட்டுப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தன. கழற்றி அலுமாரியின் அடியில் வைத்தேன். போடவுமில்லை, எறியவுமில்லை. என் மனைவி மூன்று வருடத்துக்கு முன் காலமானார். கடைசிவரை அவருக்கு இது தெரியாது.

கடந்த சித்திரையில் நண்பன் இறந்த செய்தி வந்தது. ஐப்பசியில் நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர் கேட்ட கடிதம். தமிழில் எழுதினேன், இனி அதை வாசிக்க எந்தப் பொலிசும் இல்லை. மனைவியின் விலாசக் கொப்பியில் அவருடைய விலாசம் இருந்தது. மொன்றியலிலேயே, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடம், இரண்டாம் மாடி. பஸ்ஸில் போய் இறங்கி, படியேறி, மூச்சு வாங்கித் தட்டினேன்.

"ஆர்?"

"நான்தான். மாஸ்டர்."

கதவுத் துளை இருண்டது. நெடுநேரம் இருண்டிருந்தது. பிறகு கதவின் அடியில் ஒரு சத்தம். மரம் தரையில் உரசும் சத்தம், அதன் பின்னே காலால் ஒரு தட்டு. என்ன அது என்று எனக்குத் தெரியும்.

"உமக்கு ஒரு கடிதம் கொண்டு வந்தனான்" என்றேன். கதவின் கீழ் தள்ளினேன். அது எதிலோ முட்டி நின்றது. இழுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டேன். உள்ளே போனது.

வாசிக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"அந்த ஆள் செத்துட்டார்தானே?" குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது.

"ஓம். சித்திரையிலை."

"அப்ப இது ஆருக்கு, மாஸ்டர்?"

பஸ்ஸில் வரும்போது பல பதில்களை ஆயத்தம் செய்திருந்தேன். அவை எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "எனக்குத்தான்" என்றேன்.

உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் படியில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டேன்: "இப்ப எங்கையாவது போய்வாறனீரோ?"

"பாஸ்போட் முடிஞ்சு கனகாலம். புதுசு எடுக்கல்ல."

பிறகு கடிதம் கதவின் கீழால் திரும்பி வந்தது. "எழுதுறதெண்டாச் சரியா எழுதுங்க. என்ட பேர் வரப்படாது" என்றார். அவ்வளவுதான். கதவுத் துளை வெளிச்சமானது. அவர் போய்விட்டார்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று விரித்துப் பார்த்தேன். நான் நேர்த்தியாக எழுதியிருந்தேன். 'அன்று மாலை அவர் தொலைபேசியில் தயக்கம் தெரிவித்தார். அங்கேயே தங்கலாம் என நான் ஆலோசனை கூறினேன்.' அந்த இரண்டு வரிகளின் மேலும் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் உருண்டையான எழுத்தில் அவர் திருத்தியிருந்தார். அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

'ஹோட்டலுக்குப் போகட்டா என்று கேட்டேன். போக வேண்டாம் என்றார். கதவுக்கு ஆப்பு வைக்கட்டா என்று கேட்டேன். வைக்க வேண்டாம் என்றார். வைக்கவில்லை.'